பெரியவளைத் திறந்து பார்த்த நாள்

மேற்கு மலைக்குக் கீழே, திராட்சைப் பந்தல்கள் முடிந்து வாழைத் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் எங்கள் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதன் உயிரியல் துறையில் பன்னிரண்டாம் நம்பர் அறையில் ஒரு பழ ஈ இருபத்துநான்கு வருஷமாகச் சாகாமல் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு வாயைப் பிளப்பார்கள். எங்களுக்கு அப்படி இல்லை. இதே வளாகத்தில் பதினெட்டு வருஷமாகக் கட்டி முடிக்கப்படாத ஒரு கழிப்பறை இருக்கிறது, ஒன்பது வருஷமாக ஒரே ஆய்வேட்டைத் திருத்திக்கொண்டிருக்கிற ஒருவர் இருக்கிறார், இவர்களுக்கு நடுவில் ஓர் ஈ மட்டும் காலாகாலத்தில் செத்துவிட வேண்டும் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. நான் இங்கே நூலகத்தில் வேலை பார்க்கிறவள், அந்த ஈக்கு இரண்டு வயதிலிருந்து எனக்கு அதைத் தெரியும்.

அதை வளர்த்தவர் பேராசிரியர் அங்கயற்கண்ணி. எண்பத்தொன்பதில் பெங்களூரிலிருந்து படிப்பை முடித்துக்கொண்டு இங்கே பஸ்ஸைவிட்டு இறங்கியபோது அவர் கையில் ஒரு பிரம்புக் கூடையும், கூடையில் பஞ்சால் வாயடைத்த பன்னிரண்டு கண்ணாடிக் குப்பிகளும் இருந்தன, உள்ளே இருந்த ஈக்களுக்கு வெயில் ஆகாது என்று வழியெல்லாம் ஈரத்துண்டு போர்த்திக்கொண்டு வந்ததில் துண்டோடு சேலையும் நனைந்திருந்தது. அன்றைக்குப் பன்னிரண்டாம் நம்பர் அறைக்குள் போனவர் முப்பத்துமூன்று வருஷம் ஒரு ராத்திரிகூட இந்த ஊரைவிட்டு வெளியே தங்கவில்லை. காரணம் எட்டு மணி நேரம். பெண் ஈ கூட்டைவிட்டு வந்த எட்டு மணி நேரத்துக்குள் அதைத் தனியே பிரித்து வைக்காவிட்டால் பக்கத்தில் திரிகிற ஆண் ஈ ஏதாவது முந்திக்கொள்ளும், பிறகு பிறக்கிற பிள்ளைக்கு அப்பன் யார் என்று தெரியாமல் ஆறு மாத ஆராய்ச்சி பாழாகிவிடும். அதனால் தங்கையின் கல்யாணத்துக்கு மதுரைக்குப் போனவர் தாலி கட்டியதும் இலையில் உட்காராமல் பஸ் ஏறினார், தமக்கென்று வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் காலையும் மாலையும் கன்னி ஈ பொறுக்க வேண்டும் என்று விளக்கப்போய் அவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். இதை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஈக்களுக்குச் சமைக்க ஓர் ஆள் உண்டு, வீருசின்னம்மாள். மக்காச்சோள மாவு, வெல்லம், ஈஸ்ட், கடல்பாசி எல்லாம் சேர்த்துப் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் கிளறி, ஒவ்வொரு குப்பியிலும் இரண்டு விரல் கனத்துக்கு ஊற்றி ஆறவைப்பாள், அதற்கு ஈக்கஞ்சி என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் பேராசிரியரிடம் கேட்டாள், இத்தனை ஈயை வைத்துக்கொண்டு அப்படி என்னதான் தேடுகிறீர்கள் என்று.

“ஒண்ணுமில்ல வீருசின்னம்மா. நீ தயிருக்கு உறை எடுத்து வைக்கிறேல்ல, அதான். ஈயோட சூலகத்து நுனியில ஒரு செல்லு உக்காந்திருக்கு. ஸ்டெம் செல்லுன்னு பேரு. அது ரெண்டாப் பிரியுது. ஒண்ணு நாளைக்கு உறைக்குன்னு அங்கனயே உக்காந்துக்கிருது. இன்னொண்ணு நகந்து போயி முட்டையாகுது.”

“சரி, அதுல என்ன ஆராய்ச்சி?”

“வயசாக ஆக உறை தீந்துபோகுது. அதோட முட்டையும் நின்னுபோகுது. ஏன் தீருதுன்னு தெரியணும்.”

“எடுத்து வைக்க மறந்திருப்பா,” என்றாள் வீருசின்னம்மாள்.

தமக்குக் கிடைத்த விளக்கங்களில் இது ஒன்றும் மோசமில்லை என்று பேராசிரியர் பின்னால் ஒரு கருத்தரங்கில் சொன்னார்.

தொண்ணூற்றெட்டு ஐப்பசியில், மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், அவர் ஒரே நாளில் பிறந்த நூறு பெண் ஈக்களை நூறு குப்பிகளில் போட்டு, உறை என்றைக்குத் தீர்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். அறுபது நாளைக்குள் தொண்ணூற்றொன்பது ஈ செத்தது. ஒன்று சாகவில்லை. எழுபதாம் நாள் அது நாற்பது முட்டை போட்டது, நூறாம் நாள் ஐம்பது, வருஷம் திரும்பியபோது அறுபது. பேராசிரியர் தினமும் காலையில் நோட்டில் ‘உள்ளது’ என்று எழுதினார், எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார். மூன்றாம் வருஷம் புதுக் குப்பிக்கு மாற்றும்போது பஞ்சில் சிக்கி அதன் இடது இறகின் ஓரம் கொஞ்சம் கிழிந்தது, அதிலிருந்து அதை அடையாளம் காண்பது சுலபமாயிற்று. பெரியவள் என்று பெயர் வைத்தது வீருசின்னம்மாள்தான்.

ஊர் அவளைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். கிழட்டு ஆண் ஈயால் பிரயோஜனம் இல்லை என்பதால் பெரியவளுக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு புது மாப்பிள்ளை விடுவார்கள், அந்த வகையில் அவள் ஐநூற்றுச் சொச்சம் புருஷன்மாரைப் பார்த்தாள். “தீர்க்க சுமங்கலி. பொட்டு வைக்கத்தான் நெத்தியில்ல,” என்பாள் வீருசின்னம்மாள். இதைக் கேள்விப்பட்டுப் புதுமருமகளைக் கூட்டிவந்து காட்டிய மாமியார்கள், புருஷன்மார் எண்ணிக்கையைக் கேட்டதும் மருமகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். இருபதாம் பிறந்தநாளுக்கு மெயின்கேட் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள், அதில் பெரியவள் எருமை அளவுக்கு இருந்தாள், கீழே பதினாறு டிரைவர்களும் தபால்தலை அளவுக்கு இருந்தார்கள், மறுநாளே பஸ் ஸ்டாண்டுக்காரர்கள் அதைவிடப் பெரிதாக ஒன்று வைத்தார்கள். கத்திரி வெயிலில் கரண்ட் போனால் வாட்ச்மேன் ராயப்பன் யாரும் சொல்லாமலே ஓடிவந்து, பெரிய மண்பானையில் ஈரமணல் பரப்பி அதில் குப்பியை இறக்கி, கரண்ட் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவார். ஒவ்வொரு ஏப்ரலிலும் தளவாடங்களைச் சரிபார்க்கிற பதிவாளர் சீனி முகமது, மிகவும் கறாரான மனிதர், நாற்காலி மூன்று, பீரோ இரண்டு என்று எழுதிக்கொண்டே வந்து கடைசியில் ‘ஈ ஒன்று, உயிருடன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். முதல் சில வருஷம் எரிச்சலோடு போட்டார். அப்புறம் ஏப்ரல் வரும்வரை காத்திருக்காமல் மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

வெளியுலகம்தான் சேர்த்துக்கொள்ளவில்லை. பேராசிரியர் எழுதிய கட்டுரைகளை எல்லாப் பத்திரிகைகளும் திருப்பி அனுப்பின, உங்கள் ஆய்வகத்தில் குப்பி மாறியிருக்கும், இல்லாவிட்டால் சூலகத்தைத் திறந்து காட்டுங்கள் என்றன. அவர்கள் கேட்டதில் தப்பில்லை. பெரியவள் போட்ட ஐந்து லட்சம் முட்டையிலிருந்து வந்த பிள்ளைகள் எல்லாம் அறுபது நாளைக்குள் ஒழுங்காகச் செத்தன, ஆகவே ரகசியம் அவளோடு இருந்தது, அவள் வயிற்றுக்குள் இருந்தது. செத்தபின் திறந்து பயனில்லை, ஒரு மணி நேரத்தில் எல்லாம் குழைந்துவிடும். உயிரோடு இருக்கும்போதே திறக்க வேண்டும், திறந்தால் உயிர் போய்விடும். அடுத்த வருஷம் என்று பேராசிரியர் சொன்னார், அதற்கடுத்த வருஷமும் அதையே சொன்னார், இப்படியே அவருக்கு அறுபது வயதாகிவிட்டது.

ஜூன் முப்பது அவர் ஓய்வுபெறுகிற நாள். ஒரு வாரம் முன்னால் வீருசின்னம்மாள், ராயப்பன், பதிவாளர் மூன்று பேரையும் கூப்பிட்டு, முப்பதாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெரியவளைத் திறந்து பார்க்கப் போவதாகச் சொன்னார்.

“திறக்கன்னா?” என்றாள் வீருசின்னம்மாள்.

“வயித்தைத்தான்.”

“அப்புறம் தைச்சிருவீகளா?”

“தைக்க முடியாதும்மா.”

அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, “அப்ப இந்த வாரத்துக் கஞ்சியில வெல்லம் கூடப் போடவா?” என்று கேட்டாள்.

ராயப்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “ஒரு வார்த்த கேக்கேன், தப்பா நெனைக்காதீக. தெரியாமலே இருந்தா என்னாம்மா?”

“முப்பத்துமூணு வருசத்துல நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கேன் ராயப்பன். பதில் அந்தக் குப்பிக்குள்ள இருக்கு. பாக்காமப் போனேன்னா நான் எதுக்கு இந்த ஊருக்கு வந்தேன்?”

ராயப்பன் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். பதிவாளர், “விதிப்படி உங்க ஆராய்ச்சிப் பொருளை நீங்க பயன்படுத்தலாம் மேடம், ஆட்சேபணை இல்லை,” என்று சொல்லிவிட்டுக் குடையை மறந்துவைத்துவிட்டுப் போனார்.

முப்பதாம் தேதி மதியத்திலிருந்து பிரிவு உபசார விழா. மேடையில் பேராசிரியர் சால்வைகளுக்கு அடியில் உட்கார்ந்திருக்க, ஒருவர் மாற்றி ஒருவர் அவரைத் தாய் என்றும் விளக்கு என்றும் பேசிக்கொண்டேயிருந்தார்கள், அதில் பாதிப் பேர் பன்னிரண்டாம் நம்பர் அறைக்குள் ஒருநாளும் வந்ததில்லை. ஐந்து மணிக்கு அவர் சால்வைகளை நாற்காலியிலேயே விட்டுவிட்டு அறைக்கு வந்தார். உள்ளே அந்த மூன்று பேரும், வாசலில் நானும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் நின்றோம். குப்பியை ஐஸில் வைத்து ஈயைத் தூங்கவைத்தார், வெள்ளைத் தட்டில் தட்டினார், இரண்டு கையிலும் ஊசிமுனை இடுக்கிகளை எடுத்துக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

அடியில் கிடந்தது ஓர் ஆண் ஈ.

சந்தேகத்துக்கு இடமே இல்லை. உடம்பு சிறியது, வயிற்றின் நுனி மழுங்கிக் கறுத்திருந்தது, முன்னங்காலில் சீப்புப்போலக் கறுப்பு முடிகள் இருந்தன, முதல் வருஷ மாணவன்கூடச் சொல்லிவிடுவான். ஐந்து லட்சம் முட்டை போட்டவள் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ அவசரத்தில், ஆணா பெண்ணா என்று பார்க்கத் தெரியாமல், இதைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். பேராசிரியருக்குக் கோபம் வந்தது. முப்பத்துமூன்று வருஷத்தின் பதிலை ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது திருடிவிட்டார்களே என்று தலையைத் தூக்கிப் பார்த்தார். வீருசின்னம்மாள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராயப்பன் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார். பதிவாளர் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு குரல் அதட்டினால் போதும், எங்கே என்று கேட்டால் போதும், இருக்கிற இடத்திலிருந்து பெரியவள் வந்துவிடுவாள். அவர் அதட்டவில்லை. இந்த மூன்று பேரும் இத்தனை வருஷத்தில் தம்முடைய ஒரு சொல்லைக்கூட மீறியதில்லை என்பது நினைவு வந்ததும் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னார். மறுபடி குனிந்து, அந்த ஆண் ஈயை, கிடைக்கப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தே, மிகவும் பக்குவமாகத் திறந்தார்.

“பாத்தாச்சு. இந்த ஈயோட வயித்துல விசேஷமா ஒண்ணுமே இல்ல,” என்றார்.

நோட்டிலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. பிறகு ஆட்டோவில் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதார்.

முதலில் வந்தவர் பதிவாளர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, அல்வா டப்பாவுக்குள் ஒரு குப்பியோடு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். “முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல முதல் தப்பு மேடம். துணைவேந்தர் பேசும்போது எழுந்து வந்துட்டேன். மேடையில பழத்தட்டு இருந்துது, அதுல இருந்த ஈ ஒண்ணைத் தண்ணி டம்ளரால பிடிச்சு அங்க வச்சுட்டு, இவங்களை எடுத்துக்கிட்டேன்.” பேராசிரியர் வீட்டிலிருந்த பழைய மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பெண் ஈதான், ஆனால் இறகு முழுசாக இருந்தது, பிறந்து நாலைந்து நாளான சாதாரண ஈ. சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பதிவாளர், “வீட்டுல எல்லாரும் இதைச் சுத்தியேதான் உக்காந்திருக்கோம். பேத்தி பாட்டெல்லாம் பாடுது,” என்றார்.

“இதுதான் சார் பெரியவ. பத்திரமா வச்சுக்குங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க,” என்றார் பேராசிரியர். ஓர் ஈயைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ராயப்பன் வந்தார். அவர் மூன்று மணிக்கே, பதிவாளருக்கு முன்னால், வேறொரு பெண் ஈயை வைத்துவிட்டு எடுத்திருந்தார். அதுவும் சாதாரண ஈதான். “இதேதான் ராயப்பன்,” என்றார் பேராசிரியர், இரண்டாவது பொய் கொஞ்சம் சுலபமாக வந்தது.

திங்கட்கிழமை வீருசின்னம்மாள் தூக்குவாளியோடு வந்தாள். அவள் பன்னிரண்டு மணிக்குக் கஞ்சி மாற்றும்போதே வேறொன்றை விட்டுவிட்டு எடுத்திருந்தாள். குப்பியில் இருந்த ஈயின் இடது இறகு ஓரத்தில் கிழிந்திருந்தது.

“திறக்கணும்னா திறந்துக்கிருங்கம்மா. நான் வேற பக்கம் பாத்துக்கிறேன். உங்க முப்பத்துமூணு வருசத்தை நான் தூக்கிட்டு வந்துட்டேனேன்னு நாலு நாளாச் சோறு இறங்கல.”

இடுக்கிகள் மேஜை டிராயரில் இருந்தன. பேராசிரியர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தெரிந்துகொள்ளும் ஆசை அவருக்குத் துளியும் குறைந்திருக்கவில்லை, ஆனால் இந்தக் கையால் இனி அது ஆகாது என்றும் தெரிந்துவிட்டது.

“கஞ்சி யார் போடுறா?”

“நான்தான். வீட்டுல.”

“நீயே போடு. வாரம் தவறாமப் போடு,” என்று குப்பியைத் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகு அவரை உறுத்தியது அந்த இரண்டு பொய்கள். சாதாரண ஈ அறுபது நாளில் செத்துவிடும், ராயப்பனும் பதிவாளரும் தங்கள் கையில் பெரியவள் செத்துவிட்டாள் என்று உடைந்துபோவார்கள், அன்றைக்குப் பக்கத்தில் இருந்து ஆறுதல் சொல்ல வேண்டும், அதற்கு நாள் தெரிய வேண்டும். ஆகவே அவர் கனிந்த வாழைப்பழத்திலிருந்து அதே வயதுள்ள ஒரு பெண் ஈயைப் பிடித்து, வீருசின்னம்மாளிடம் அதே கஞ்சி வாங்கி ஊற்றி, சமையலறை அலமாரியில் வைத்தார். அது ஐம்பத்தெட்டாம் நாள் காலையில் மல்லாந்து கிடந்தது. பேராசிரியர் குளித்து, சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனதில் அடுக்கிக்கொண்டு, ராயப்பன் வீட்டுக்குப் போனார்.

“வாங்கம்மா, இப்பத்தான் மாப்பிள்ளையை மாத்தினேன்,” என்றார் ராயப்பன். மண்பானைக்குள் ஈ சுறுசுறுப்பாக நடந்துகொண்டிருந்தது.

பதிவாளர் வீட்டில் தனியாக ஒரு சிறிய நோட்டுப் போட்டிருந்தார்கள், அன்றைய தேதிக்கு நேராக ‘உயிருடன்’ என்று எழுதிப் பேத்தியும் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தாள். இரண்டொரு நாள் முன்பின் ஆகும் என்று பேராசிரியர் காத்திருந்தார். எழுபதாம் நாள் போனார், இருந்தன. தொண்ணூறாம் நாள் போனார், இரண்டும் முட்டை போட்டுக்கொண்டிருந்தன. திரும்பி வருகிற பஸ்ஸில்தான், டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவருக்குப் பளிச்சென்று உறைத்தது: ஒரே கஞ்சி, ஒரே வெயில், ஒரே வாழைத்தோட்டத்து ஈக்கள், செத்தது ஒன்றே ஒன்று, அதுவும் அது சாதாரண ஈ என்று தெரிந்த ஆள் வளர்த்தது. ஆறுதலுக்கு நாள் பார்க்க வைத்த ஈ அவரை அறியாமலே கண்ட்ரோல், அதாவது மற்றதோடு ஒப்பிட்டுப் பார்க்க வைக்கிற ஈ, ஆகிவிட்டிருந்தது. ஓர் ஆராய்ச்சிக்காரருக்குத் தன் கண்ட்ரோல் ஒழுங்காகச் செத்ததைப்போல நிம்மதி தருவது வேறில்லை. அவர் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்துக் கண்டக்டர், “என்னம்மா, பழைய ஞாபகமா?” என்று கேட்டார்.

மறுநாளே அவர் தம் மைக்ராஸ்கோப்பையும் பூதக்கண்ணாடியையும் அரசுப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டு வீருசின்னம்மாளைத் தேடிப் போனார்.

“எனக்கு ஒரு குப்பி கொண்டா. உன்கிட்ட இருக்கிறவளோ, வாழைப்பழத்துல உக்காந்திருக்கிறதோ, உன் இஷ்டம். கொண்டாந்து, இதுதான் பெரியவன்னு சொல்லிரு. எதுன்னு மட்டும் எந்தக் காலத்துலயும் சொல்லாத.”

“நீங்க பாத்துக் கண்டுபிடிச்சிருவீகளே.”

“பாக்க மாட்டேன்.”

வீருசின்னம்மாள் யோசிக்க நான்கு நாள் எடுத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் முந்தானையில் சுற்றி ஒரு குப்பியைக் கொண்டுவந்து, “இந்தாங்க, பெரியவ,” என்று நீட்டினாள். பேராசிரியர் இரண்டு கையாலும் வாங்கி அலமாரியில் வைத்தார்.

இந்தக் கதையை அவர் என்னிடம் சொன்னபோது எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. ராயப்பனும் பதிவாளரும் நான் எழுதுவதையெல்லாம் ஒரு வேலையாகவே மதித்ததில்லை, படிக்க மாட்டார்கள். நீங்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால் அவர்களிடம் இதைச் சொல்லிவிட வேண்டாம், அங்கே இரண்டு உயிர் இருக்கிறது.

அந்தக் குப்பி வந்த அறுபத்தொன்றாம் நாள் கார்த்திகை மாதத்து மழைக் காலை. பேராசிரியர் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அலமாரி முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். முப்பத்துமூன்று வருஷம் எத்தனையோ முடிவுகளைப் பார்க்க ஓடியவருக்கு இதைப் பார்க்கப் பயமாக இருந்தது. கண்ணைத் திறந்தபோது ஈ கண்ணாடியில் மேல்நோக்கி நடந்துகொண்டிருந்தது, பாதியில் நின்று முன்னங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டது, மறுபடி நடந்தது, கஞ்சிமேல் அன்றைய முட்டைகள் வெள்ளை வெள்ளையாக இருந்தன. பழக்கதோஷத்தில் அவர் எண்ணினார், நாற்பத்திரண்டு. பால் பொங்கி வழிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. இதை எந்தப் பத்திரிகைக்கும் அனுப்ப முடியாது, யாரிடமும் நிரூபிக்க முடியாது, அப்படியும் வாழ்நாளில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

கஞ்சி கொடுக்க வந்த வீருசின்னம்மாள் வாசலிலிருந்தே, “எப்பிடி இருக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கா,” என்றார் பேராசிரியர்.

வீருசின்னம்மாள் சிரித்தாள். கொடுத்தது எது என்று நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், என்னிடமும் அவள் இன்றுவரை சொல்லவில்லை.